திறக்க மறுத்த படங்கள்: ‘ரா’ கோப்புகள் கடந்து வந்த பாதை



எங்கள் பள்ளியின் நினைவு மலருக்காகப் பழைய நிழற்படங்களைத் திரட்டும் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினமாக இருக்கும் என எண்ணியிருந்தேன். நடந்ததோ வேறு. 1960-களில் எடுக்கப்பட்ட படங்கள் அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் ஓர் உறைக்குள் பத்திரமாகக் கிடைத்தன. ஓரங்கள் மஞ்சளித்திருந்தாலும் முகங்கள் தெளிவாகவே இருந்தன. எங்களைத் திணற வைத்தவை 2004-ஆம் ஆண்டின் படங்கள்.

அவ்வாண்டு விளையாட்டுப் போட்டியன்று, பெற்றோர் ஒருவர் தம்முடைய மின்னியல் கேமராவால் ஏறக்குறைய இருநூறு படங்களை எடுத்திருந்தார். நிழற்படக் கலையில் ஆர்வம் மிக்கவர் அவர். குறுந்தட்டில் பதிந்து, உறையின்மேல் நாளும் நிகழ்ச்சியும் எழுதி, இத்தனை ஆண்டுகளும் பாதுகாத்து வைத்திருந்தார். நல்ல வேளையாகக் குறுந்தட்டு கெடவில்லை. கோப்புகள் அனைத்தும் இருந்தன. ஆனால், ஒன்றைக்கூடப் பள்ளிக் கணினியால் திறக்க இயலவில்லை. கேமராவுடன் நிறுவனம் தந்த மென்பொருளையும் அவர் வைத்திருந்தார். அதையோ புதிய கணினி ஏற்க மறுத்தது. எந்த நிறுவனத்தின் கேமரா என்பது இங்கு முக்கியமன்று. அக்காலத்தில் எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் இந்நிலை வந்திருக்கலாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காகிதப் படத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது. இருபது ஆண்டுப் படம் கையில் இருந்தும் பார்க்க முடியவில்லை. இஃது ஏன் என்று தேடப் போனபோதுதான், ‘ரா’ என்னும் கோப்பு வகையைப் பற்றியும், அதைத் திறப்பதற்காகக் கணினி மென்பொருள் உலகில் நடந்த நெடிய போராட்டத்தைப் பற்றியும் அறிந்துகொண்டேன். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சோறும் அரிசியும்

‘ரா’ என்பது ஆங்கிலச் சொல். பச்சையான, சமைக்கப்படாத என்று அதற்குப் பொருள். பெயரே அதன் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

மின்னியல் கேமராவின் உள்ளே, படச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒளியுணரி ஒன்று இருக்கிறது. அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் தன்மீது விழுந்த ஒளியின் அளவை மட்டுமே அறியும்; நிறத்தை அறியாது. அப்படியானால் வண்ணப் படம் எவ்வாறு கிடைக்கிறது? கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்னும் அறிவியலாளர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைச் சதுரங்கக் கட்டம்போல் அடுக்கினார். நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சிறு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் ஒளியின் ஏற்றத் தாழ்வைப் பச்சை நிறப் பகுதியில்தான் நுட்பமாக உணர்கிறது. ஆகவேதான் பச்சைக்கு இரட்டைப் பங்கு. இதற்கான காப்புரிமை 1976-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. இன்றும் மிகப் பெரும்பாலான கேமராக்களிலும் கைப்பேசிகளிலும் இம்முறையே வழங்கி வருகிறது.

ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் தெரியும் என்றால், எஞ்சிய இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். பிறகு, படம் எடுக்கப்பட்டது வெயிலிலா, குழல் விளக்கின் கீழா என்பதற்கேற்ப வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சரிசெய்ய வேண்டும். இதனை வெண்சமநிலை என்பர். அதன் பின்னர் ஒளியையும் கூர்மையையும் திருத்த வேண்டும். இவ்வளவையும் கேமராவே நொடிப்பொழுதில் செய்து, சுருக்கித் தருவதுதான் நாம் அனைவரும் அறிந்த ஜேபெக் கோப்பு. 1992-ஆம் ஆண்டில் இத்தரம் வெளியானது.

ஜேபெக்கை ஆக்கிய சோறு என்றால் ‘ரா’ கோப்பை அரிசி எனலாம். ஒளியுணரி அளந்த எண்கள் ஏறத்தாழ அப்படியே அதில் இருக்கும். வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளைத்தான் வைத்துக்கொள்ளும். 12 பிட் ‘ரா’ கோப்பிலோ 4,096 படிநிலைகள் உண்டு. 14 பிட் என்றால் 16,384. நிழலில் நின்றவரின் முகம் ஜேபெக்கில் கரும்பூச்சாகப் போய்விட்டால் அதனை மீட்பது அரிது. ‘ரா’ கோப்பில் அம்முகத்தின் விவரங்கள் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும்; பின்னால் எடுத்துக்கொள்ளலாம். சோற்றை மறுபடியும் அரிசியாக்க முடியாதல்லவா?

ஆனால், அரிசியாகவே வைத்திருப்பவருக்கு ஒரு சுமை உண்டு. உண்ண வேண்டுமென்றால் சமைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தச் சமையற்காரர்தான் மென்பொருள்.

நிறுவனத்திற்கு ஒரு பூட்டு

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 1991-இல், கோடாக் நிறுவனம் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களுக்கான மின்னியல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிக்கான் எஃப்3 என்னும் படச்சுருள் கேமராவின் உடலில் கோடாக்கின் ஒளியுணரியைப் பொருத்திய கருவி அது. 13 இலட்சம் படப்புள்ளிகள். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் சுமக்க வேண்டும். விலையோ 20,000 அமெரிக்க வெள்ளி அளவில் இருந்தது. செய்தி நிறுவனங்களே வாங்கக்கூடிய பொருள்!

இக்கேமராவின் படங்களைப் போட்டோஷாப்பிற்குள் கொண்டுவருவதற்குக் கோடாக் ஒரு செருகுநிரலைத் தந்தது. அதாவது, படத்தைச் சமைக்கும் வேலையைக் கேமரா நிறுவனமே தன் கையில் வைத்திருந்தது. போட்டோஷாப் சமைத்த பின்னரே அதனைப் பெற்றுக்கொண்டது. இந்த ஏற்பாடுதான் பின்னாளில் எல்லாருக்கும் வழக்கமாயிற்று.

1999-இல் நிக்கான் டி1, 2000-இல் கெனான் டி30 எனக் கேமராக்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. விலையும் படிப்படியாக இறங்கியது. செய்தியாளர்கள் மட்டுமன்றி ஆர்வலர்களும் வாங்கத் தொடங்கினர். ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் தன் ‘ரா’ கோப்பைத் தன் விருப்பப்படி அமைத்தது. நிக்கானுக்கு என்.இ.எஃப்., கெனானுக்கு சி.ஆர்.டபிள்யூ., மினோல்டாவுக்கு எம்.ஆர்.டபிள்யூ. எனப் பெயர்களும் வேறு, உள்ளமைப்பும் வேறு. போதாக்குறைக்கு, ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் தரும் கோப்புகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. புதிய கேமரா வந்தால் புதிய சமையல் குறிப்பும் வேண்டும். அக்குறிப்பையோ நிறுவனங்கள் பொதுவில் வெளியிடவில்லை.

கேமராவுடன் இலவசமாகக் கிடைத்த மென்பொருள்கள் பெரும்பாலும் மெதுவாக இயங்கின. கூடுதல் வசதி வேண்டுமானால் நிக்கான் கேப்ச்சர் போன்றவற்றைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் கேமராக்களை வைத்திருப்பவர் இரண்டு மென்பொருள்களைக் கற்க வேண்டும்.

தனி ஒருவரின் உழைப்பு

இந்தக் கட்டத்தில்தான் டேவ் காஃபின் என்னும் அமெரிக்க நிரலாளரின் பெயர் வரலாற்றில் இடம்பெறுகிறது. 1997-ஆம் ஆண்டில் இவர் டிசிரா என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். எந்தக் கேமராவின் ‘ரா’ கோப்பாக இருந்தாலும், எந்தக் கணினியிலும் எந்த இயங்குதளத்திலும் திறக்க முடிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

நிறுவனங்கள் குறிப்புத் தராத நிலையில் இதனை அவர் எப்படிச் செய்தார்? கோப்பில் உள்ள எண்களை வரிசை வரிசையாகப் பார்த்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஊகித்து, சோதித்து, தவறினால் மறுபடியும் முயன்றார். கல்வெட்டில் உள்ள அறியாத எழுத்தை ஆய்வாளர்கள் படிக்க முயல்வதைப் போன்ற பணி இது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் கேமரா வைத்திருந்தோர் தங்கள் கோப்புகளை மாதிரிக்காக அவருக்கு அனுப்பி உதவினர்.

டிசிராவில் பொத்தான்கள் இல்லை. அழகிய திரை இல்லை. சி மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு மூலநிரல் கோப்பு, அவ்வளவுதான். அதனை எந்தக் கணினியிலும் தொகுத்து இயக்கலாம். மூலநிரலை அவர் எல்லாருக்கும் திறந்து வைத்தார். ஆகவே, கோப்பைப் படிக்கும் வழிமுறை ஒரு நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து பொதுவெளிக்கு வந்தது. பின்னர் வந்த பற்பல இலவச மென்பொருள்களும் விலைக்கு விற்கப்பட்ட சில மென்பொருள்களும் அவர் கண்டறிந்தவற்றை அடித்தளமாகக் கொண்டன. ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள் இப்பணியைச் செய்து, 2018-ஆம் ஆண்டில் டிசிராவின் இறுதிப் பதிப்பை அவர் வெளியிட்டார். அதற்குள் அது படிக்கக் கற்றுக்கொண்ட கேமரா வகைகள் பல நூறு.

பெரிய நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைத் தனி ஒருவர் தம் மேசையில் அமர்ந்து செய்து முடித்தார் என்பது வியப்பளிக்கிறது. அதே வேளையில், உலகின் இத்தனை படங்களும் ஒரு மனிதரின் பொறுமையை நம்பியிருந்தன என்பது கவலையும் அளிக்கிறது.

போட்டோஷாப் வாய் திறந்தது

2003-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அடோபி நிறுவனம் கேமரா ரா என்னும் செருகுநிரலை வெளியிட்டது. போட்டோஷாப்பை உருவாக்கிய அதே தாமஸ் நோல்தான் இதனையும் எழுதினார். போட்டோஷாப் 7 வைத்திருந்தோர் இதற்கென 99 அமெரிக்க வெள்ளி தனியே செலுத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் போட்டோஷாப் சி.எஸ். வெளிவந்தபோது அது மென்பொருளின் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டுவிட்டது.

இதனால் விளைந்த மாற்றம் பெரிது. பல நிறுவனங்களின் ‘ரா’ கோப்புகளை ஒரே சாளரத்தில், ஒரே விதமான அளவுகோல்களைக் கொண்டு திறக்கவும் திருத்தவும் முடிந்தது. திருத்தங்கள் மூலக் கோப்பின் எண்களைத் தொடுவதில்லை. ‘இவ்வளவு ஒளி கூட்டு, இவ்வளவு மஞ்சள் குறை’ என்னும் கட்டளைகளாகத் தனியே எழுதி வைக்கப்பட்டன. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

ஆனால், புதிய கேமரா வரும்போதெல்லாம் மென்பொருளும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்னும் தொல்லை தீரவில்லை. கேமராவை வாங்கிவிட்டு, போட்டோஷாப் அதனை அறிந்துகொள்ளும் வரை சில மாதங்கள் காத்திருந்தோர் பலர்.

பொது மொழி ஒன்று

இதற்குத் தீர்வாக அடோபி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் டி.என்.ஜி. என்னும் பொது வடிவத்தை அறிவித்தது. மின்னியல் நெகடிவ் என்பது இப்பெயரின் பொருள். ஏற்கெனவே வழக்கிலிருந்த டிஃப் வடிவத்தைத் தழுவி இது அமைக்கப்பட்டது. இதன் முழு விளக்கக் குறிப்பையும் அடோபி பொதுவில் வெளியிட்டது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தது. பல்வேறு நிறுவனங்களின் ‘ரா’ கோப்புகளை டி.என்.ஜி.யாக மாற்றித் தரும் மென்பொருளையும் இலவசமாகவே வழங்கியது. இன்றும் வழங்கி வருகிறது.

இதன் நுட்பத்தை விளக்க ஒன்றைச் சொல்லலாம். பழைய முறையில், கேமராவைப் பற்றிய விவரங்களை மென்பொருள் முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். டி.என்.ஜி. கோப்பிலோ அவ்விவரங்கள் படத்தோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டியை அனுப்புவதற்கும் ஒட்டாத பெட்டியை அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இது.

ரிக்கோ, லைக்கா, பென்டாக்ஸ் ஆகிய நிறுவனங்கள் தங்கள் கேமராக்கள் சிலவற்றில் இதனை நேரடியாகவே ஏற்றன. 2006-இல் வெளிவந்த லைக்கா எம்8, பென்டாக்ஸ் கே10டி ஆகியவை எடுத்துக்காட்டுகள். ஆனால், சந்தையில் முன்னணியில் இருந்த கெனானும் நிக்கானும் தங்கள் சொந்த வடிவங்களையே தொடர்ந்தன. தம் கேமராவின் நுட்பங்களைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை தம்மிடமே இருக்க வேண்டும் என ஒரு நிறுவனம் கருதுவதில் நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. மேலும், பொது வடிவமே ஆனாலும் அதனை வரையறுப்பது போட்டி மென்பொருள் நிறுவனம் ஒன்றல்லவா?

2005: வெள்ளை நிறத்திற்கு ஒரு வழக்கு

இவ்வரலாற்றின் சூடான கட்டம் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தது. நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் கோப்புகளில் வெண்சமநிலைத் தகவல் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதாகத் தாமஸ் நோல் வெளிப்படையாகக் கூறினார். படத்தைத் திறக்கலாம், ஆனால், படம் எடுத்தவர் கேமராவில் அமைத்த நிற அளவு மட்டும் பூட்டப்பட்டிருந்தது. அதனைத் திறப்பது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட மின்னியல் பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியிருந்ததுதான் அடோபியின் தயக்கத்திற்குக் காரணம்.

தன் கோப்பு அமைப்பு தனக்குரிய சொத்து என்றும், தகுதியுள்ள மென்பொருள் உருவாக்குநர்கள் தன்னிடம் விண்ணப்பித்து உரிய நிரல் தொகுப்பைப் பெறலாம் என்றும் நிக்கான் விளக்கம் அளித்தது. நிரல் தொகுப்பு என்பது விளக்கக் குறிப்பு ஆகாது. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அது கற்பிப்பதில்லை. நிக்கான் தரும் நிரலே படித்துச் சொல்லும். டேவ் காஃபின் யாரிடமும் விண்ணப்பிக்காமலேயே அப்பூட்டின் அமைப்பைக் கண்டறிந்து தம் நிரலில் சேர்த்துவிட்டார். பின்னர் அடோபி நிறுவனமும் நிக்கானோடு பேசி அதற்கு வழிவகை கண்டது.

சிக்கல் தீர்ந்தாலும் கேள்வி தீரவில்லை. படம் யாருடையது? கேமராவை விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர். வெயிலில் நின்று படம் எடுத்தவரும் அவரே. அப்படத்தில் உள்ள எண்களைப் படிக்க மற்றொருவரின் இசைவு ஏன் வேண்டும்? இக்கேள்வியை முன்வைத்து அதே ஆண்டில் ஓப்பன்ரா என்னும் தன்னார்வக் குழு தோன்றியது. கோப்பு வடிவங்களின் விளக்கத்தை எல்லா நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்பது அதன் ஒற்றைக் கோரிக்கை. கோரிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. எனினும், படப்பிடிப்பாளர்கள் பலர் தங்கள் படங்களின் எதிர்காலத்தைப் பற்றி முதன்முறையாகச் சிந்திக்க அது காரணமாயிற்று.

வந்தவையும் போனவையும்

நிறுவனம் பெரிதாக இருந்தால் கவலை இல்லை என்று நாம் நினைக்கலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கியோசெரா நிறுவனம் 2005-இல் கான்டாக்ஸ் கேமராக்களை நிறுத்தியது. 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் கோனிக்கா மினோல்டா கேமராத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. மின்னியல் கேமராவுக்கு வித்திட்ட கோடாக் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் நொடிப்புநிலைப் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. அக்கேமராக்களின் கோப்புகளை இன்றும் திறக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் வேறு பலர் அவற்றைப் படிக்கக் கற்று வைத்திருந்ததுதான்.

மென்பொருள்களின் கதையும் இதுவே. டென்மார்க்கின் பிக்ஸ்மான்டெக் நிறுவனம் உருவாக்கிய ராஷூட்டர் மென்பொருள் அதன் வேகத்திற்காகப் பலராலும் விரும்பப்பட்டது. 2006-இல் அடோபி அந்நிறுவனத்தை வாங்கியது, ராஷூட்டரின் வளர்ச்சி நின்றது. ஆப்பிள் நிறுவனத்தின் அப்பர்ச்சர் 2005-இல் 499 அமெரிக்க வெள்ளி விலையில் வந்தது. 2015-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பல்லாண்டுத் திருத்தங்களை அதற்குள்ளேயே வைத்திருந்தோர் வேறிடம் தேடிப் புறப்பட்டனர். கூகுளின் பிக்காசா 2016-இல் முடிவுக்கு வந்தது. 2007-இல் வெளியான அடோபியின் லைட்ரூம் நிலைத்து நின்றது. ஆனால், ஒருமுறை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் லைட்ரூம் 6 பதிப்பிற்குப் புதிய கேமராக்களைச் சேர்ப்பது 2017-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. அதன் பிறகு சந்தா செலுத்த வேண்டும். அல்லது புதிய கேமராவின் கோப்பை முதலில் டி.என்.ஜி.யாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மறுபுறம், டிசிரா ஊன்றிய விதை கிளைவிட்டது. அதன் வழித்தோன்றலாக 2008-இல் லிப்ரா என்னும் நிரலகம் பிறந்தது. ராதெரபி மென்பொருள் 2010-இல் திறந்த மூல மென்பொருளாக்கப்பட்டது. டார்க்டேபிள் என்பதும் அவ்வாறே தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது. 2018-இல் கெனான் தன் கோப்பை சி.ஆர்.3 என முற்றிலும் புதிதாக அமைத்தபோது, தன்னார்வலர்கள் மறுபடியும் எண்களை வரிசையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினர். இலவச மென்பொருள்கள் அதனைத் திறக்கக் கற்றுக்கொள்ள ஓரிரு ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே ‘ரா’ கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5-உம், 2016-இல் ஐ.ஓ.எஸ். 10-உம் டி.என்.ஜி. வடிவில் ‘ரா’ படம் எடுக்க வழி செய்தன. 2020-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய புரோரா முறையும் டி.என்.ஜி. கோப்பாகவே சேமிக்கிறது. பெரிய கேமரா நிறுவனங்கள் ஏற்காத பொது மொழியைக் கைப்பேசிகள் ஏற்றுக்கொண்டன எனலாம்.

நமக்குத் தெரிந்த கதைதான்

தமிழாசிரியர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. 2000-ஆம் ஆண்டு வாக்கில் நாம் தட்டச்சு செய்த தேர்வுத்தாள்களையும் பயிற்சிகளையும் இன்று திறந்து பாருங்கள். அன்றைய எழுத்துரு கணினியில் இல்லையென்றால், திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்ததன் விளைவு அது. ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது நம் மேசைக் கணினிகளில் வழக்கத்திற்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. பொதுவான, வெளிப்படையான ஒரு முறை வந்த பின்னர்தான் நாம் எழுதியதை மற்றவர் கவலையின்றிப் படிக்க முடிந்தது. எழுத்துக்கு ஒருங்குறி எப்படியோ, படத்திற்கும் அப்படியொரு பொது முறை வேண்டும் என்பதுதான் மேலே கண்ட போராட்டத்தின் சாரம்.

பள்ளிகளும் பெற்றோரும் செய்யத்தக்கவை

‘ரா’ கோப்பே வேண்டாம் என நான் சொல்ல வரவில்லை. பழைய ‘ரா’ கோப்பு, புதிய மென்பொருளில் முன்பைவிட நன்றாக அமையும் என்பது உண்மை. அடோபி 2010-இலும் 2012-இலும் தன் செயலாக்க முறையைத் திருத்தியபோது, பழைய கோப்புகளிலிருந்தே தெளிவான படங்கள் கிடைத்தன. 2023-இல் வந்த செயற்கை நுண்ணறிவு வழிப் புள்ளி இரைச்சல் நீக்கமும் ‘ரா’ கோப்பின் வலிமையைக் காட்டியது. ஆகவே, மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். அதோடு, பின்வருவனவற்றையும் செய்து வைப்போம்.

முதலாவது, ‘ரா’ கோப்பை மட்டும் தனியே வைக்காமல், ஒவ்வொரு படத்திற்கும் ஒரு ஜேபெக் பிரதியையும் உடன் வைத்தல். கேமராவிலேயே இரண்டையும் ஒருங்கே பதியும் வசதி பெரும்பாலும் உண்டு.

இரண்டாவது, முக்கியமான படங்களை டி.என்.ஜி.யாகவும் மாற்றி வைத்தல். மூலக் கோப்பும் இருக்கட்டும்.

மூன்றாவது, ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்தல்.

நான்காவது, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் கோப்புகளைத் திறந்து பார்த்தல். திறக்கவில்லை என்பது அப்போதே தெரிந்தால் வழி தேட முடியும்.

ஐந்தாவது, படத்தில் இருப்போரின் பெயர்களை எழுதி வைத்தல். எந்த மென்பொருளாலும் பின்னாளில் இதனைச் சொல்ல முடியாது.

மீண்டும் அக்குறுந்தட்டு

எங்கள் படங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். கணினித் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரிடம் கோப்புகளைக் கொடுத்தேன். அவர் ஓர் இலவசத் திறந்த மூல மென்பொருளைப் பள்ளிக் கணினியில் நிறுவினார். கேமரா நிறுவனத்தின் மென்பொருள் கைவிட்ட கோப்புகளை அது ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது.

பரிசளிப்பின்போது எடுத்த படம் ஒன்றில், கூடாரத்தின் வெளியே நல்ல வெயில். உள்ளே நின்றவர்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தனர். அம்மாணவர் சுட்டியை மெல்ல நகர்த்தினார்; நிழல் விலகியது. அன்றைய தலைமையாசிரியர் பச்சை இல்லத்துச் சிறுமி ஒருத்திக்குக் கிண்ணத்தை வழங்கிக்கொண்டு சிரிக்கிறார். அப்பெருந்தகை இன்று நம்மிடையே இல்லை. அவர் சிரித்தபடி இருக்கும் படம் வேறு எதுவும் பள்ளியில் இல்லை. எல்லாம் விறைப்பாக நிற்கும் குழுப்படங்கள்தாம். நினைவு மலரின் முதல் பக்கத்திற்கு இதையே தேர்ந்தெடுத்தோம்.

அப்படத்தை எடுத்து வைத்தவர் ஒரு பெற்றோர். அது திறந்ததற்குக் காரணமானவர்களோ, எங்கள் பள்ளியின் பெயரைக்கூட அறியாதவர்கள். கற்றதைப் பூட்டி வைக்காமல் பிறர்க்குத் தந்தவர்கள். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.